இடது கால் பூட்ஸ்

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

கழுவித் தரச் சொல்லி நீ அனுப்பிய பழைய பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் என் கண்ணில் முதலில் பட்டது இடது காலின் கணுக்கால் பட்டைதான். வலது காலில் அந்தப் பட்டையின் மூன்றாவது பல் தேய்ந்திருந்தது. நீ எப்போதும் பக்கிளை மாட்டுவது அதில்தான். இடது காலில் மூன்றாவது பல்லுக்குள் மண் அடைந்து காய்ந்து கிடந்தது. பட்டை மிகத் தளர்வாக நிற்கிற கடைசிப் பல் மட்டும் புதிதாக உரசிப் பளபளத்தது.

அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவும் நானும் சௌக்கியம். அம்மாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். கீழ் வீட்டுக்காரியோடு மறுபடி சண்டை. இந்த முறை காரணம் நான்தான், அதையும் சொல்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சாப்பிடுகிறேன் என்றுதான் நீ பதில் போடுவாய் என்றும் அவளே சொல்லிவிட்டாள்.

போனில் சொல்லக்கூடியதை ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். நான் ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் நீ மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பாய். கடைசியில் வைத்துவிடட்டுமா என்பாய், அதற்கும் 'ம்' என்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் மற்ற சாமானைத் தொடுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு.

நீ அனுப்பிய பட்டியலில் இருந்ததெல்லாம் வாங்கியாகிவிட்டது. நீ எழுதியபடியே எல்லாம் வாங்கினேன் என்று சொல்ல முடியாது. ஆறு நாள் மலை பைக் பந்தயத்துக்குப் போகிறவள் நீ, தெரிந்துதான் எழுதியிருப்பாய். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் எனக்கு வேறு மாதிரி தோன்றியது.

ஹெல்மெட் ஒரு அளவு சின்னதாக வாங்கியிருக்கிறேன். போன மாதம் அனுப்பிய புகைப்படத்தில் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய். (அம்மா அதை இன்னும் கவனிக்கவில்லை. கவனித்தால் நீயே பதில் சொல்லிக்கொள்.) பின்னல் இருந்தபோது சரியாக இருந்த அளவு இப்போது தலையில் ஆடும். போட்டதும் கன்னம் பிதுங்கும், பயப்படாதே, பஞ்சு பத்து நாளில் படிந்துவிடும். எங்கள் கடையில் பேசிப் பேசியே விற்கிற ரேடியோ அண்ணன் வருகிறவர்களிடம் ஒன்று சொல்வார்: ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாட்டுப் பாட முடிந்தால் அது உங்கள் அளவு இல்லை. அவரே எந்த ஹெல்மெட் போட்டாலும் பாடுகிறார், அது வேறு விஷயம்.

கண்ணாடியை ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பார்த்தே எடுத்தேன், ஓரத்தில் இடைவெளி இல்லை. கையுறையை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். உள்ளங்கையில் எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கேதான் இரண்டாம் நாள் கொப்புளம் வரும். மார்புக் கவசம் நீ கேட்டதைவிடக் கொஞ்சம் கனம், முதுகுக்கும் தகடு உள்ளது. வேர்க்கும். வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

முழங்கால் கவசத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் எங்கள் கடைக்கு நிறைய வருகிறார்கள். வீட்டுக்குப் போய் பூட்ஸ் போடும்போதுதான் கவசத்தின் கீழ்ப் பாதி பூட்ஸுக்குள் நுழையாது என்று தெரியும். உடனே பூட்ஸின் மேல் பக்கிளைத் திறந்து விட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். வாடகைக்குப் போன பூட்ஸெல்லாம் திங்கட்கிழமை திரும்பி வரும்போது மேல் பக்கிளில் மட்டும் மண் ஏறியிருந்தால் நான் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். உனக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டுத்தான் பார்த்தேன். நமக்கு ஒரே அளவு கால் என்பது இந்த முறை பயன்பட்டது.

இனி பூட்ஸ்.

பழைய அளவு, ஆனால் உயரம் குறைந்த, மெத்தென்று வளைகிற ரகம் என்று எழுதியிருந்தாய். மெத்தென்று என்பதன் கீழே இரண்டு கோடு. நான்கு வருஷமாக விறைப்பான பூட்ஸைத் தவிர எதையும் காலில் ஏற்ற மாட்டேன் என்றவள் நீ. மெத்தென்ற பூட்ஸ் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு என்று ரேடியோ அண்ணனிடம் சொல்லி அவர் வாயையே அடைத்தவள். அந்த இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டு உன் பழைய பூட்ஸை மறுபடி கையில் எடுத்தேன்.

கழுவுவதற்கு முன் பார்ப்பது என் வழக்கம். எல்லோரும் மண்ணை அழுக்கு என்கிறார்கள். எது தொட்டது, எது தொடவில்லை என்று மண்தான் சொல்லும். கியரை மேலே தூக்கும்போது எல்லோருக்கும் இடது பூட்ஸில் பெருவிரலுக்கு மேலே தேயும். உனக்கும் அங்கே பழைய தேய்மானம் இருந்தது. அதற்கு இரண்டு விரல் பின்னால், பாதத்தின் மேட்டில், இன்னொரு தேய்மானம் புதிதாக விழுந்திருந்தது. இப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்கு நாள் அதை என் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள், உன் குழுவின் பெயர் இருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு ரேடியோ அண்ணனிடம் கொண்டுபோனேன். இந்த இடத்தில் ஏன் தேய்கிறது என்று கேட்டேன். கேட்க முன்னறை வரை போக வேண்டியிருந்தது. அங்கே மூன்று பேர் ஜாக்கெட் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோட்டான் வாயத் திறந்துடுச்சு. எல்லாரும் குடை கொண்டு வந்தீங்களா?" என்றார் அவர். நான் வாயைத் திறப்பதில்லை என்று அவர் எனக்கு வைத்த பேர் அது. மூன்று பேரும் சிரித்தார்கள். நான் போகவில்லை. பூட்ஸை நீட்டியபடியே நின்றேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவர் குரலில் ரேடியோ நின்றுவிட்டது.

"இவனுக்குக் கணுக்கால் போயிடுச்சும்மா. விரலத் தூக்க முடியல, அதான் மொத்தக் காலையும் தூக்கிக் கியர் போடறான். இவன மலைக்கு அனுப்பினா ஏறும்போது ஒத்தையாப் போவான், இறங்கும்போது நாலு பேர் தூக்கிட்டு வரணும்."

யாருடையது என்று கேட்டார். ஒரு கஸ்டமருடையது என்றேன். "அப்ப பூட்ஸ் விக்காத. ஆஸ்பத்திரி அட்ரஸ் குடு" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்காரர்களிடம் போய்விட்டார். நாலு பேர் என்று அவர் சும்மாதான் சொல்லியிருப்பார். எனக்கு அது பாடை தூக்குகிற நாலு பேராகவே கேட்டது.

அப்போதும் நான் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழிதான் தெரிந்தது. கடையின் நடுவில் எஞ்சின் கழற்றிய வண்டி நிற்குமே, பூட்ஸ் வாங்குகிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து பத்து முறை கியர் போட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது முதலாளியம்மாவின் சட்டம். மூன்று வருஷத்தில் நான் அதில் ஏறியதே இல்லை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏறினேன். இடது கணுக்காலைச் சுற்றித் துணிப்பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன், வீங்கிய கால் மாதிரி. முதலில் நீ கேட்ட மெத்தென்ற பூட்ஸ். கால் உள்ளே போனது. பட்டை கடைசிப் பல்லில் மாட்டியது. அடுத்து நீ வழக்கமாகப் போடுகிற விறைப்பான ரகம். கால் பாதியில் நின்றது. எழுந்து நின்று மிதித்து உள்ளே தள்ளினாலும் பக்கிள் பட்டையை எட்டவில்லை, ஒரு விரற்கடை மிச்சம்.

நீ ஏன் இரண்டு கோடு போட்டாய் என்று அந்த ஒரு விரற்கடை எனக்குச் சொல்லிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டார். உனக்கு எடுத்து வைத்த ஹெல்மெட், கவசம், கையுறை எல்லாம் சேர்த்துப் போட்டிருந்தேன். அசையாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வெளியே போனார். சாயங்காலம் மறுபடி வந்து, மதியம் வண்டி மேல் உட்கார்ந்திருந்த பொம்மை போட்டிருந்த அதே கையுறை வேண்டும் என்று ரேடியோ அண்ணனிடம் கேட்டாராம். எந்தப் பொம்மை என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் இதை எழுதினேன். இனிமேல் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

இரண்டு மாதம் முன்னால் பயிற்சியில் விழுந்ததாகவும், வெறும் சிராய்ப்பு என்றும் சொன்னாய். அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். முடி வெட்டிய அந்தப் புகைப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் இரண்டு காலில் நிற்கிறார்கள். நீ மட்டும் வண்டியில் சாய்ந்து, இடது காலின் நுனி மட்டும் தரையில் படும்படி நிற்கிறாய். ஸ்டைலாக நிற்கிறாள் பார் என்று அம்மா அதைக் கீழ் வீட்டுக்காரியிடம்கூடக் காட்டினாள்.

ஏன் மறைக்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. குழு டாக்டருக்குத் தெரிந்தால் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்கள். உன் இடத்துக்கு மாற்று ஆள் தயாராக இருக்கிறார். அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்கு நீ பட்ட பாட்டை உன்னைத் தவிர முழுதாகப் பார்த்தது நான் ஒருத்திதான். விடிவதற்கு முன் கல்குவாரியில் ஓட்டிப் பழகிவிட்டு, குளித்துவிட்டு, பஞ்சர் கடை வேலைக்குப் போவாய். விழுந்த நாளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வாய். அம்மாவுக்குத் தெரியாமல் உன் முழங்கைக்கு மருந்து போட்டதே நான்தான். இந்த முறை மருந்து போட நான் பக்கத்தில் இல்லை என்பதால் உனக்கு வலி இல்லை என்று நினைத்துவிட்டாயா?

நீ போகிற பாதை முழுக்க உருண்டைக் கல் என்று நீயே எழுதினாய். இடது பக்கம் வளையும்போதெல்லாம் இடது காலை ஊன்ற வேண்டும். ஆறு நாளில் எத்தனை முறை ஊன்றுவாய்? மெத்தென்ற பூட்ஸ் உன் காலை உள்ளே விடும், அவ்வளவுதான் அதனால் முடியும். காலும் கல்லும் மோதும்போது அது காலோடு சேர்ந்து வளையும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் போகவில்லை, அதற்குப் பிறகு போகவே இல்லை. அம்மா ஒரு வாரம் அழுதாள். நீ என் கையைப் பிடித்து இந்தக் கடைக்குக் கூட்டி வந்து முதலாளியம்மாவிடம், "இவளுக்குப் பேச்சு வராது. ஆனா கண்ணு இருக்கு. சேத்துக்கோங்க" என்றாய். என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக யாரும் சொன்னதில்லை. அதை நம்பித்தான் மூன்று வருஷமாக வேலை செய்கிறேன். இப்போது அந்தக் கண்ணுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்கச் சொல்லாதே.

உன் குழுவிடம் நான் சொல்லப்போவதில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கிற வேலை எனக்கு வராது.

விறைப்பான ரகத்தையே வாங்கிவிட்டேன். புது பூட்ஸ் மரக்கட்டை மாதிரி இருக்கும் என்பதால் பத்து நாளாகச் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடந்து மடிப்பை இளக்கினேன். இதுதான் கீழ் வீட்டுச் சண்டைக்குக் காரணம். மேலே யானை வளர்க்கிறீர்களா என்று அவள் கேட்க, அம்மா ஆமாம், குட்டி போட்டால் உங்களுக்கும் ஒன்று தருகிறோம் என்றாளாம். பத்து நாள் நடந்ததில் என் குதிகால் இரண்டும் உரிந்துவிட்டன. பரவாயில்லை. உன் குதிகால் உரியாது.

இன்று காலையில் இன்னொரு காரியமும் செய்தேன். நீங்கள் தங்கியிருக்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் எலும்பு டாக்டர் இருக்கிறார். குழுவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, விசாரித்துவிட்டேன். அவருடைய கிளினிக்குக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். எடுத்த பெண் பேஷன்ட் பேர் என்ன என்றாள். நான் அக்கா என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பேர் வைக்கலையா என்று கேட்டாள். பிறகு சொன்னேன். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி. எக்ஸ்ரே அங்கேயே எடுப்பார்களாம்.

இப்போது நீ பெட்டிக்குள் கை விடுவாய். அதில் வலது பூட்ஸ் மட்டும்தான் இருக்கும். நான் மறந்துவிட்டேன் என்றோ, உங்கள் குழு லாரியில் தொலைந்துவிட்டது என்றோ நினைக்க வேண்டாம். இடது பூட்ஸ் என்னிடம் இருக்கிறது. உன் பழைய ஜோடியும் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் திருப்பி அனுப்பவில்லை. குழுவில் மற்றவர்களிடம் கடன் கேட்கலாம் என்றால், அவர்கள் கால் எல்லாம் ஓடம் மாதிரி என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். இரண்டையும் சேர்த்து அனுப்பியிருந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து, பக்கிள் எட்டுகிற வரை மிதித்து நுழைத்துவிட்டு, பார் சரியாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புவாய்.

வியாழக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. அன்றைக்கே இடது பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். தனியாகத்தான் வருவேன். நானே உன் காலில் மாட்டிவிட்டு, மூன்றாவது பல்லில் பக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்புவேன். பந்தயத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, நேரம் போதும்.

வேறு மாதிரி எழுதிக் கொடுத்தால் பூட்ஸ் இங்கேயே இருக்கட்டும். கெட்டுப்போகிற பொருள் இல்லை. நான் மாதம் ஒரு முறை துடைத்து, மடிப்பில் எண்ணெய் தடவி வைப்பேன். மலையும் எங்கேயும் போகாது. உன் பெயரை ஒரு முறை எழுதியவர்கள் இன்னொரு முறையும் எழுதுவார்கள்.

என் மேல் உனக்குக் கோபம் வரும். ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இரு. பேசாமல் இருப்பதில் உன்னைவிட எனக்குப் பழக்கம் அதிகம், நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் வியாழக்கிழமை போய்விடு, அக்கா. நீ அங்கே எல்லோர் முன்னாலும் நொண்டாமல் நடந்து காட்டிக்கொண்டிருக்கிறாய். இரண்டு மாதமாக எவ்வளவு வலித்திருக்கும். அந்த டாக்டர் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் நொண்டு. ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

அம்மா உன்னைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அவருக்கு உதவியாக நானும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னால் கேட்காத அக்காவுக்குத் தங்கையாகப் பிறந்தவள்

பி.கு.: உங்கள் குழு லாரி ஓட்டுநர் கீழே வந்து ஹாரன் அடிக்கிறார். பெட்டியில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, வழியில் ஹெல்மெட் உருண்டு கீறிக்கொள்ளும். பழைய செய்தித்தாளைக் கசக்கி அந்த இடத்தில் இறுக்கமாக அடைத்துவிட்டேன்.